மூச்சுக்குத் துணை நிற்கும் வேலை: நம் பெண்பிள்ளைகளும் தலைமை ஏற்கலாம்

(கூட்டமைப்பின் கூட்டத்தில் நமது களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத குழுக்கள் அடுத்த வாரக் கூட்டத்தில் இதை வாசித்துக் கலந்து பேசவும்.)



வழக்கமா நாம சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு பற்றித்தான் இந்த இடத்துல பேசுவோம். இன்னிக்கு வேற ஒரு விஷயம். பிளஸ் டூ ரிசல்ட் வந்தா போதும், எந்தக் குழுவுக்குப் போனாலும் எங்களிடம் இரண்டு கேள்வி வரும். "பிள்ளையை என்ன படிக்க வைக்கலாம்?" என்பது ஒன்று. "அதுக்குக் குழுவுல எவ்வளவு கடன் தருவீங்க?" என்பது இன்னொன்று. நர்ஸ், டீச்சர், கம்ப்யூட்டர் என்று நாலைந்து பேர்தான் நம் வாயில் வருகிறது. நமக்குத் தெரியாத நல்ல தொழில்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். அதுதான் சுவாச மருத்துவம். மூச்சு விடச் சிரமப்படுகிறவருக்குத் துணை நிற்கிற வேலை.

முதலில் ஒரு சின்னப் பயிற்சி. எல்லோரும் ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ச் வைத்திருக்கிற சகோதரி ஒரு நிமிஷம் பார்த்துச் சொல்லட்டும். வயிறு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள்.

எண்ணியாச்சா? பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும். ஒரு நாள் முழுக்கக் கணக்குப் போட்டால் சுமார் 20,000 தடவை வருகிறது. தூங்கினாலும் நிற்பதில்லை. களை எடுத்தாலும், தண்ணீர்க் குடம் தூக்கினாலும் அது பாட்டுக்கு நடக்கிறது. நடக்கிற வரை நாம் அதை நினைப்பதே இல்லை. அது தடுமாறும்போதுதான் அதற்கென்று படித்த ஒருவர் பக்கத்தில் வேண்டும் என்று தெரிகிறது.

இந்த எண்ணும் பழக்கம் பிள்ளைகளுக்கும் உதவும். சளி, இருமல் வந்த குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிஷம் முழுசா எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம் அதற்கு மேலும், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு. நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்ளே ஒட்டினால் இன்னும் ஆபத்து. காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எண்ணத் தெரிந்த ஒரு தாய் சுவாச மருத்துவத்தின் முதல் பாடத்தைக் கற்றுவிட்டாள் என்று சொல்லலாம்.

கையால் காப்பாற்றிய உயிர்கள்

வென்டிலேட்டர் என்ற பேரை 2020, 2021-ல் கொரோனா வந்தபோது நாம் எல்லோரும் கேட்டோம். அந்தக் கருவி நாடு முழுக்க அவசரம் அவசரமாக வாங்கப்பட்டது. கருவி வந்தும் அதை இயக்கத் தெரிந்த ஆள் போதவில்லை என்று பல இடங்களில் இருந்து செய்தி வந்தது. தையல் மிஷின் வாங்கி வைத்துவிட்டுத் தைக்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதே கதைதான்.

இந்தத் தொழில் வளர்ந்த கதையில் டென்மார்க் நாட்டுக்கு ஒரு முக்கிய இடம் உண்டு. 1952-ல் அங்கே கோபன்ஹேகன் நகரத்தில் இளம்பிள்ளை வாதம் பயங்கரமாகப் பரவியது. கைகால் மட்டும் அல்ல, மூச்சு விடும் தசைகளும் செயல் இழந்தன. அப்படிப்பட்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இறந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து மருத்துவர் ஒரு வழி சொன்னார். தொண்டையில் சிறு துளை போட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றை நுரையீரலுக்குள் அனுப்ப வேண்டும். ஒரு 12 வயதுச் சிறுமிக்கு முதலில் செய்து பார்த்தார்கள். பிழைத்தாள்.

ஆனால் அத்தனை நோயாளிக்கும் இரவும் பகலும் பையை அமுக்குவது யார்? மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் சுமார் 1,500 பேர் முறை வைத்து வந்தார்கள். நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து அமுக்கினார்கள். சாவு பாதிக்கும் கீழே குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அந்த அனுபவத்தில் இருந்துதான் வளர்ந்தன. அந்தக் கைகள் செய்ததைத்தான் இன்று மிஷின் செய்கிறது. ஆனால் நோயாளியின் முகத்தைப் பார்த்து, "இந்தக் காற்று போதுமா, கூடுதலா?" என்று முடிவு செய்ய இப்போதும் மனுஷர்தான் வேண்டும்.

சுவாச சிகிச்சையாளர் என்ன செய்கிறார்?

ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். தமிழில் சுவாச சிகிச்சையாளர். டாக்டரின் ஆலோசனைப்படி ஆக்சிஜன் எவ்வளவு, எந்த வழியில் என்று பார்த்துக் கொடுக்கிறார். வென்டிலேட்டரைத் தயார் செய்கிறார், அதன் அளவுகளைக் கவனிக்கிறார். மணிக்கட்டு நாடியில் இருந்து எடுத்த ரத்தத்தில் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் எவ்வளவு என்று பார்க்கிறார். குழாயில் அடைத்த சளியை உறிஞ்சி எடுக்கிறார். நோயாளியை ஊதச் சொல்லி நுரையீரலின் திறனை அளக்கிறார். குணமாகி வருகிறவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறார்.

இதில் கற்பிக்கிற வேலை பெரிய பங்கு. வீசிங் உள்ளவருக்கு டாக்டர் இன்ஹேலர் எழுதித் தருவார். அதைச் சரியாக இழுக்கத் தெரியாவிட்டால் மருந்து வாயிலேயே தங்கிவிடும், நுரையீரலுக்குப் போகாது. வழக்கமான அமுக்கும் வகையென்றால், நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக இழுக்கும்போதே அமுக்கி, பத்து விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும். ஸ்டீராய்டு உள்ள மருந்தென்றால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். இதை நோயாளிக்குப் பொறுமையாகச் செய்து காட்டி, அவரையும் செய்ய வைத்துப் பார்க்கிற ஆள் வேண்டும். "இன்ஹேலர் பழகிப் போயிடும், பொம்பளைப் பிள்ளைக்கு வேண்டாம்" என்று ஒளித்து வைக்கிற வீடுகளை நாங்கள் நிறையப் பார்க்கிறோம். இன்ஹேலர் போதைப் பழக்கம் ஆவதில்லை. மருந்தை விட்டுவிட்டு இழுப்பில் கிடப்பதுதான் ஆபத்து.

நம் ஊருக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். விறகு அடுப்புப் புகையில் வருஷக்கணக்காகச் சமைத்த பெண்களுக்கு, பீடி சிகரெட் தொடாமலே நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருகிறது. பஞ்சாலைத் தூசி, கல்குவாரித் தூசி, காசநோய், குழந்தைகளின் நிமோனியா எல்லாம் நம் தெருவில் இருப்பவைதான். நோய் நம்மிடம் இருக்கும்போது, அதைப் பார்க்கிற படிப்பு மட்டும் ஏன் நகரத்துப் பிள்ளைகளுக்கே போக வேண்டும்?

தலைமைக்கு வந்த பெண்கள்

மூன்று பேரைப் பற்றிச் சொல்கிறோம்.

முதலாமவர் மேரி எல்லன் ஏவரி, அமெரிக்கர், 1927-ல் பிறந்தவர். பக்கத்து வீட்டில் எமிலி பேகன் என்று ஒரு குழந்தை மருத்துவர் அம்மா இருந்தார். அவர் இந்தச் சிறுமியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குறைமாதக் குழந்தைகளைக் காட்டினார். பிள்ளை மனதில் அது பதிந்துவிட்டது. 1952-ல் மருத்துவப் படிப்பை முடித்த கொஞ்ச நாளிலேயே ஏவரிக்குக் காசநோய் வந்தது. படுக்கையில் கிடந்த காலத்தில் நுரையீரலைப் பற்றியே அவர் கவனம் போனது. குறைமாதக் குழந்தைகள் பிறந்த சில மணி நேரத்தில் மூச்சுத் திணறி இறப்பது ஏன் என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. 1959-ல் அவரும் ஜியர் மீட் என்பவரும் காரணத்தைச் சொன்னார்கள். நுரையீரலின் சிறு காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, சோப்பு நுரை போல ஒரு பொருள் உள்ளே சுரக்க வேண்டும். குறைமாதக் குழந்தையிடம் அது போதுமான அளவு இருப்பதில்லை. நனைந்த பாலிதீன் பை ஒட்டிக்கொள்வது போல அறைகள் ஒட்டிவிடுகின்றன. இந்தக் கண்டுபிடிப்பின் வழியாகத்தான் அந்தப் பொருளையே மருந்தாகக் கொடுக்கிற சிகிச்சை பிற்காலத்தில் வந்தது. 1974-ல் ஏவரி பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை மருத்துவர் ஆனார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்.

இரண்டாமவர் மார்கரெட் டர்னர்-வார்விக், இங்கிலாந்துக்காரர். மாணவியாக இருந்தபோதே இவருக்கும் காசநோய் வந்தது. குணமாகித் திரும்பிப் படித்து நெஞ்சக மருத்துவர் ஆனார். ஆஸ்துமாவிலும் நுரையீரல் தழும்பு நோயிலும் ஆராய்ச்சி செய்தார், பேராசிரியராகப் பல மருத்துவர்களை உருவாக்கினார். லண்டனில் 1518-ல் தொடங்கிய ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் கழகத்துக்கு 1989-ல் தலைவர் ஆனார். 471 வருஷத்தில் முதல் பெண் தலைவர்!

கவனித்தீர்களா சகோதரிகளே? இரண்டு பேருமே காசநோய் வந்தவர்கள். நம் ஊரில் ஒரு பெண்ணுக்கு டி.பி. என்றால் தட்டைத் தனியாக வைக்கிறோம், கல்யாணப் பேச்சை நிறுத்துகிறோம், புருஷன் வீட்டில் இருந்து தாய் வீட்டுக்கு அனுப்புகிறோம். அங்கே அதே நோய் வந்து குணமான பெண்கள் நுரையீரல் மருத்துவத்துக்கே தலைமை ஏற்றார்கள். மருந்தை முழுசா சாப்பிட்டால் குணமாகிற நோய் இது. வாழ்க்கை அதோடு முடிந்து போவதில்லை.

மூன்றாமவர் நமக்குத் தெரிந்தவர், டாக்டர் சௌம்யா சுவாமிநாதன். வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் மகள். குழந்தை மருத்துவம் படித்து, அமெரிக்காவில் குழந்தைகளின் நுரையீரல் நோய்களில் பயிற்சி பெற்று, 1992-ல் சென்னையில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தில் சேர்ந்தார். பிறகு அதன் இயக்குநர் ஆனார். 2015-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர். 2019 முதல் 2022 வரை உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானி. கொரோனா காலத்தில் உலகமே அவர் பேசுவதைக் கேட்டது.

அவருக்குப் படித்த குடும்பம், வசதி இருந்தது, உண்மைதான். நம் பிள்ளைகளுக்கு அது இல்லை. அதனால்தான் குழு வேண்டும் என்கிறோம். எமிலி பேகன் அம்மா மாதிரி கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காட்டுகிற வேலையை ஒரு குழுவே சேர்ந்து செய்யலாம்.

சென்னை உலகத்துக்குச் சொன்ன பாடம்

சௌம்யா அம்மா வேலை பார்த்த அந்த மையத்துக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. 1956-ல் சென்னையில் தொடங்கியது. அதுவரை காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்காகப் படுக்க வேண்டும். தாம்பரம் சானடோரியம் 1928-ல் டாக்டர் சௌரி முத்து ஆரம்பித்தது. ஆனால் எல்லா நோயாளிக்கும் கட்டில் எங்கே இருக்கிறது? ஆகவே சென்னையின் ஏழைக் குடும்பங்களில் இருந்து வந்த நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில், இன்னொரு பிரிவு தன் சொந்த வீட்டில். இரண்டு பேருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, நல்ல ஓய்வு. வீட்டில் நெருக்கடி, அரைகுறைச் சாப்பாடு.

1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் நோயாளி இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சை மாறுவதற்கு இது காரணமாக அமைந்தது. வீட்டு சிகிச்சை பலித்தது எப்படி? சுகாதாரப் பார்வையாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். சொல்லாமல் திடீரென்று போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். பொறுமையாகப் பேசி மருந்தைத் தொடர வைத்தார்கள். டாக்டர்களின் ஆராய்ச்சி ஜெயித்ததில் அந்த வீட்டுக்கு வீடு போன கால்களுக்கும் பங்கு உண்டு.

இன்னொரு ஆராய்ச்சி 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் நடந்தது. டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா என்ற கணவன் மனைவி அதில் முக்கியப் பங்கு வகித்தார்கள். சென்னை மையமும் சேர்ந்து நடத்தியது. காசநோயாளியின் குடும்பத்தாருக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது என்று 2023-ல் வெளியிட்டார்கள். அரிசியும் பருப்பும் நுரையீரலைக் காக்கிறது. சுவாச மருத்துவம் நம் சமையல்கட்டு வரை வருகிற விஷயம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இது ஒரு ஏணி

இந்தத் துறையில் டாக்டர் மட்டும் இல்லை. பல படிகள் உண்டு.

முதல் படி நம் ஊரிலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கு மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களைச் சுய உதவிக் குழுக்களில் இருந்துதான் எடுத்தார்கள். ரத்த அழுத்தக் கருவியைத் தொட்டே பார்க்காத நம் உறுப்பினர்கள் அதை இயக்கக் கற்றுக்கொண்டார்கள். காசநோயில் இருந்து குணமானவர்கள் மற்ற நோயாளிகளுக்குத் துணையாகப் போகிற ஏற்பாடும் உண்டு.

இரண்டாவது படி நர்சிங், பிசியோதெரபி, சுவாச சிகிச்சை போன்ற படிப்புகள். பி.எஸ்சி. சுவாச சிகிச்சைக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்திருக்க வேண்டும். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கு வருஷம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் துணை மருத்துவப் பட்டப்படிப்புகள் இருக்கின்றன. அரசு இடங்களுக்கு மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தகுதி விதிகள் மாறக்கூடும் என்பதால் அந்தந்த வருஷத்து விளக்கக் குறிப்பேட்டை வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது படி எம்.பி.பி.எஸ். முடித்து, பிறகு மூன்று வருஷம் நெஞ்சக மருத்துவத்தில் எம்.டி. படிப்பது. இதற்கு நீட் தேர்வு உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2020-ல் சட்டமாக்கியது.

நான்காவது படி கற்பிக்கிற இடம். மேல்படிப்பு படித்து ஆசிரியர், பேராசிரியர், துறைத் தலைவர் என்று போகலாம்.

தலைமை என்றால் நாற்காலி என்று நினைக்க வேண்டாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் நல்ல தலைவி யார் தெரியுமா? காலையில் வந்ததும் ஒவ்வொரு கருவியையும் சரிபார்க்கிறவள். பதிவேட்டைத் தவறாமல் எழுதுகிறவள். இரவு முறைக்கு வருகிறவருக்கு எல்லாவற்றையும் விளக்கிவிட்டுப் போகிறவள். நோயாளியின் முகம் மாறினால் பெரிய டாக்டரிடமும் தயங்காமல், "சார், இவருக்கு ஏதோ சரியில்லை, வந்து பாருங்க" என்று சொல்கிறவள். புதிதாக வந்த பெண்ணுக்குத் தான் கற்றதை மறைக்காமல் சொல்லித் தருகிறவள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், இது நம் நல்ல ஊக்குநரின் லட்சணம்தானே? தீர்மான நோட்டு எழுதி, வங்கி மேலாளரிடம் நேருக்கு நேர் பேசி, அடுத்த ஊக்குநரையும் தயார் செய்கிற பெண்ணிடம் இந்தத் தலைமைக்கான குணம் ஏற்கெனவே இருக்கிறது.

ஏமாறாமல் சேர்ப்பது எப்படி?

இப்போது சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள். எங்கள் களப்பணியில் பார்த்த ஒரு விஷயம். ஒரு உறுப்பினர் உள்கடன் வாங்கி, நகையும் அடகு வைத்து, ஒரு ஏஜெண்டின் பேச்சைக் கேட்டு மகளை நகரத்தில் ஒரு நிறுவனத்தில் சேர்த்தார். "மருத்துவ டிப்ளமோ, முடிச்ச உடனே வேலை" என்றார்கள். ஒரு வருஷம் கழித்துச் சான்றிதழைக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பணமும் போனது, பிள்ளைக்கு ஒரு வருஷமும் போனது. கடனை மட்டும் அம்மா மாதாமாதம் கட்டி முடித்தார்.

அவர்கள் காட்டிய நோட்டீஸில் "அரசு பதிவு பெற்றது" என்று பெரிய எழுத்தில் இருந்தது. அது பொய் இல்லை. சங்கமாகவோ டிரஸ்டாகவோ பதிவு செய்திருப்பார்கள். அது நிறுவனத்தின் பதிவு. படிப்புக்கு அங்கீகாரம் என்பது வேறு. நம் கூட்டமைப்பும்தான் பதிவு பெற்றது, அதற்காக நாம் டாக்டர் பட்டம் கொடுக்க முடியுமா?

ஆகவே சேர்ப்பதற்கு முன் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. பட்டம் கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம்? தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்றால், அதன் இணைப்புக் கல்லூரிப் பட்டியலில் கல்லூரியின் பேரும் அந்தப் படிப்பின் பேரும் இரண்டும் இருக்கிறதா?

2. பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரி? அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா? வென்டிலேட்டரைத் தொடாமல் சுவாச சிகிச்சை படிக்க முடியாது.

3. நான்கு வருஷத்துக்கும் மொத்தச் செலவு எவ்வளவு? விடுதி, சீருடை, தேர்வுக் கட்டணம் உட்பட எழுத்தில் வாங்குங்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும்.

4. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தருவார்களா?

5. முன்பு படித்து முடித்த இரண்டு பெண்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? அவர்களிடமே பேச முடியுமா?

2021-ல் மத்திய அரசு துணை மருத்துவத் தொழில்களுக்காகத் தேசிய ஆணையச் சட்டம் கொண்டு வந்தது. சுவாசத் தொழில்நுட்பத் தொழிலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. டாக்டருக்கும் நர்ஸுக்கும் இருப்பது போல இவர்களுக்கும் ஒரு பதிவேடு என்பது அதன் நோக்கம். அதனால் இனி அங்கீகாரம் இல்லாத சான்றிதழுக்கு மதிப்பு இன்னும் குறையும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்லூரிக் கட்டணம் முழுவதையும் உள்கடனில் எடுக்காதீர்கள். 50,000 ரூபாய்க்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 1,000 ரூபாய் வட்டி, அசல் தனி. அடுத்த மாதமே கட்ட ஆரம்பிக்க வேண்டும். பிள்ளை சம்பாதிக்க நான்கு வருஷம் ஆகும். வங்கிக் கல்விக் கடனில் படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை பொதுவாகத் தவணை தொடங்குவதில்லை. 4 லட்சம் வரை அடமானமும் கேட்பதில்லை. விண்ணப்பச் செலவு, முதல் பயணம், விடுதி முன்பணம் போன்ற சின்னச் செலவுக்கு உள்கடன் போதும். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போன மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கப்பட்டது. சேரும்போது அன்றைய உதவித் திட்டங்கள் எவை என்று கல்லூரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

உறுப்பினர்கள் கேட்டவை

*"தமிழ் மீடியம் படிச்ச பிள்ளை சமாளிக்குமா?"*
முதல் வருஷம் கஷ்டம்தான். பாடம் இங்கிலீஷில் இருக்கும். ஆனால் அந்த வார்த்தைகள் இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்கும் புதுசுதான். நோயாளியிடம் பேசுவதோ தமிழில். மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிற பாட்டியிடம், "பயப்படாதீங்க பாட்டி, நான் இங்கேதான் இருக்கேன், மெதுவா இழுங்க" என்று சொல்ல நம் பிள்ளைக்குத் தெரியும்.

*"நைட் டியூட்டி உண்டா? பொம்பளைப் பிள்ளையை எப்படி அனுப்புறது?"*
உண்டு. மூச்சு ராத்திரியில் நிற்பதில்லையே. விடுதி, வாகன வசதி, பாதுகாப்பு எப்படி என்று வேலைக்குச் சேரும் முன் கேட்பது நம் உரிமை. நர்சுகள் இத்தனை வருஷமாக இரவுப் பணி பார்த்துத்தானே நாம் பிரசவ வார்டில் நிம்மதியாகத் தூங்கினோம்?

*"நோய் ஒட்டிக்காதா?"*
ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டோம். சுவாச நோயாளிகளோடு இருக்கிற வேலை. அதனால்தான் முறையான முகக்கவசம், காற்றோட்டம், கை கழுவுதல் எல்லாம் பாடத்திலேயே உண்டு. இருமல் வந்தால் மறைக்காமல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

*"அரசு வேலை கிடைக்குமா? சம்பளம் எவ்வளவு?"*
அரசு வேலை உறுதி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சிறிய தனியார் ஆஸ்பத்திரிகளில் ஆரம்பச் சம்பளம் குறைவாக இருக்கலாம். இந்தத் தொழிலுக்குத் தனியாக ஆள் வைக்காத ஆஸ்பத்திரிகளும் உண்டு. பெரிய ஆஸ்பத்திரிகளில் அனுபவம் சேரச் சேர மதிப்பு கூடும். முன்பு படித்தவர்களிடம் பேசச் சொன்னது இதற்காகத்தான்.

*"இந்தப் படிப்புக்கு மாப்பிள்ளை கிடைக்குமா?"*
(சிரிப்பு.) மாமியாருக்கு வீசிங் வந்தால் முதலில் கூப்பிடப் போவது இந்த மருமகளைத்தான்!

அடுத்த கூட்டத்துக்குள் செய்ய வேண்டியவை

சகோதரிகளே, கேட்டதோடு கலைந்துவிட வேண்டாம். ஒவ்வொரு குழுவும் மூன்று காரியம் செய்வோம். ஒன்று, குழுக் குடும்பங்களில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிற பெண்பிள்ளைகளின் பட்டியல் எடுப்போம். பத்தாவது முடித்துப் பதினொன்றில் பாடப்பிரிவு எடுக்கும்போதே இந்த வாய்ப்பைச் சொல்ல வேண்டும். பிளஸ் டூ முடித்த பிறகு சொன்னால் நேரம் கடந்துவிடும். இரண்டு, படிப்புக்காகக் கடன் கேட்டு வருகிற உறுப்பினரிடம் அந்த ஐந்து கேள்விகளுக்கும் பதில் வாங்கித் தீர்மான நோட்டில் எழுதிய பிறகே கடன் கொடுப்போம். மூன்று, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர் யாராக இருந்தாலும் சளிப் பரிசோதனைக்குக் கூட்டிப் போவோம். டி.பி. என்று வந்தால் அந்த வீட்டை ஒதுக்காமல் துணையாக நிற்போம்.

பட்டியலை ஊக்குநர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பக்கத்து மாவட்ட மருத்துவக் கல்லூரியில் அனுமதி கேட்டு, விருப்பமுள்ள பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துப் போய் அந்த வேலையை நேரில் காட்ட நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். பஸ் கட்டணத்தைக் குழுப் பொது நிதியில் இருந்து போடலாமா என்று நீங்கள் பேசி முடிவு எடுங்கள்.